ஃபோட்டோஷாப்பில் குறிப்பு எழுதுவதும் ஆக்‌ஷன் பதிவதும்: ஸ்டுடியோ வேலைக்கான வழிகாட்டி

ஒரு திருமணப் படம் எடுத்தவரிடமிருந்து டச்சப் செய்பவருக்கும், அவரிடமிருந்து ஆல்பம் வடிவமைப்பவருக்கும், கடைசியில் பிரிண்ட் லேபுக்கும் போகிறது. கை மாறும்போதெல்லாம் அதோடு இரண்டு விஷயங்கள் போயாக வேண்டும். முதலாவது, முகத்தைப் பார்த்து, வீட்டாரிடம் கேட்டு எடுத்த முடிவுகள்: எந்த மச்சம் இருக்க வேண்டும், எந்தப் பரு போக வேண்டும், பட்டுப்புடவையின் நிறம் உண்மையில் என்ன. இரண்டாவது, எந்தப் படமானாலும் மாறாத வேலை: அளவைக் குறைப்பது, எஸ்ஆர்ஜிபிக்கு (திரைகளுக்கான பொதுவான நிற அமைப்பு) மாற்றுவது, லோகோ வைப்பது, ஜேபெக்காகச் சேமிப்பது.

முதலாவதற்கு ஃபோட்டோஷாப்பில் நோட் டூல் இருக்கிறது. இரண்டாவதற்கு ஆக்‌ஷனும் பேட்ச்சும் இருக்கின்றன. ஆக்‌ஷன் என்பது செய்த படிகளை ஒருமுறை பதிந்து, வேறு படங்களில் அப்படியே திரும்ப ஓட்டும் வசதி. பேட்ச் அதை ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாப் படத்திலும் ஓட்டும். குறிப்பையும் ஆக்‌ஷனையும் குழப்பக் கூடாது. பார்த்து முடிவெடுக்க வேண்டியதை ஆக்‌ஷனில் திணித்தால் எல்லா முகமும் மெழுகு பூசியதுபோல ஒரே மாதிரி வரும். மாறாத வேலையைக் கையால் செய்தால் நானூறு படத்தில் எங்காவது ஒரு படி தவறும்.

கீழே வரும் குறுக்குவிசைகள் விண்டோஸுக்கானவை. மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

படத்தின் மேலேயே குறிப்பு

நோட் டூல், டூல்பாரில் ஐட்ராப்பருக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஐட்ராப்பர் மேல் சுட்டியை அழுத்திப் பிடித்தால் கலர் சாம்ப்ளர், ரூலர், நோட், கவுன்ட் எல்லாம் விரியும். அங்கும் இல்லையென்றால் எடிட் > டூல்பார் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

டூலை எடுத்ததும் மேலே ஆப்ஷன்ஸ் பாரில் ஆத்தர் என்ற பெட்டியும் நிறக் கட்டமும் வரும். ஆத்தர் பெட்டியைக் காலியாக விடாதீர்கள். மூன்று பேர் குறிப்பு எழுதிய கோப்பில் யார் சொன்னது என்று தெரியாவிட்டால் அந்தக் குறிப்பை நம்பி வேலை செய்ய முடியாது. நிறத்துக்கும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்வது நல்லது: சிவப்பு என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது, மஞ்சள் என்றால் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது, பச்சை என்றால் முடிந்தது.

எந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறீர்களோ அங்கே கிளிக் செய்தால் சிறு தாள் போன்ற ஐகான் விழும், நோட்ஸ் பேனல் திறக்கும். எழுத வேண்டியதைப் பேனலில்தான் எழுத வேண்டும். ஐகானை இழுத்து நகர்த்தலாம். பேனலின் அடியில் உள்ள அம்புக்குறிகளால் குறிப்பு குறிப்பாகத் தாவலாம், குப்பைத்தொட்டியால் ஒன்றை நீக்கலாம். ஆப்ஷன்ஸ் பாரில் இருக்கும் கிளியர் ஆல் கோப்பின் எல்லாக் குறிப்புகளையும் அழித்துவிடும், அவசரத்தில் அதன்மேல் கை போக வேண்டாம்.

"முகத்தைச் சரிசெய்யவும்" என்று எழுதுவதில் பயனில்லை. "இடது கன்னத்தில் உள்ள பரு மூன்றையும் எடுக்கவும். உதட்டுக்கு மேல் உள்ள மச்சம் இருக்கட்டும்." "புடவை அரக்கு நிறம், சிவப்பு அல்ல. வீட்டார் அனுப்பிய துணிப் படம் அதே ஃபோல்டரில் இருக்கிறது." இப்படி இடம், செயல், தொடக்கூடாதது மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். மச்சத்தை அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டால் வீட்டார் ஆல்பத்தைத் திரும்பக் கொண்டுவருவார்கள். அதனால் தொடக்கூடாததை எழுதுவதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம்.

குறிப்பு கோப்போடு ஒட்டியிருப்பது, லேயரோடு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படத்தாள்) அல்ல. லேயரை நகர்த்தினாலும் ஐகான் பழைய இடத்திலேயே நிற்கும். ஆல்பம் பக்கத்தில் படங்களை இடம் மாற்றியபின் ஐகான் வேறொருவர் முகத்தின் மேல் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. எனவே பல படங்கள் உள்ள பக்கத்தில் எழுதும்போது லேயரின் பெயரையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

ஐகான்கள் பிரிண்டில் வராது. பிஎஸ்டி, டிஃப், பிடிஎஃப் மூன்றிலும் குறிப்பு சேமிக்கப்படும், சேமிக்கும் பெட்டியில் நோட்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஜேபெக்கில் குறிப்பு தங்காது. டச்சப் செய்பவருக்கு ஜேபெக் அனுப்பிவிட்டு நோட் எங்கே என்று தேடுவதில் பயனில்லை. ஃபோட்டோஷாப் இல்லாதவர் பார்க்க வேண்டுமென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம், அக்ரோபேட்டில் குறிப்புகள் தெரியும். அங்கே அவர் எழுதிய குறிப்புகளை ஃபைல் > இம்போர்ட் > நோட்ஸ் வழியாக உங்கள் கோப்புக்குள் கொண்டுவரலாம்.

ஐகான்கள் திடீரென்று மறைந்துவிட்டால் யாரோ கன்ட்ரோல் + ஹெச் அழுத்தியிருப்பார்கள், அது எக்ஸ்ட்ராஸ் எல்லாவற்றையும் மறைக்கும். அதன் பிறகும் வரவில்லையென்றால் வியூ > ஷோ > நோட்ஸில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜேபெக்கோடும் போக வேண்டிய தகவல், அதாவது எடுத்தவர் பெயர், காப்புரிமை, விவரம் ஆகியவற்றுக்கு ஃபைல் > ஃபைல் இன்ஃபோதான் சரியான இடம். குறுக்குவிசை ஆல்ட் + ஷிஃப்ட் + கன்ட்ரோல் + ஐ. சேவ் ஃபார் வெப் வழியாகச் சேமித்தால் அங்குள்ள மெட்டாடேட்டா பெட்டியில் நன் என்று இருந்து, எழுதியதெல்லாம் கழன்றுவிடலாம்.

ஆக்‌ஷன் பதிவதற்கு முன்

ஆக்‌ஷன் வசதி 1996இல் வந்த ஃபோட்டோஷாப் 4.0 முதலே இருக்கிறது. அது பதிவது நீங்கள் கொடுத்த கட்டளையையும் எண்ணையும் மட்டும். ஏன் கொடுத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பழுதான ஆக்‌ஷன்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான் பழுதாகின்றன: பதியும்போது திரையில் தற்செயலாக இருந்த ஏதோ ஒன்றை, அதாவது ஒரு லேயர் பெயரையோ பின்னணி நிறத்தையோ அளவு அலகையோ, நம்பி அந்த ஆக்‌ஷன் நிற்கிறது. அடுத்த படத்தில் அது இருக்காது.

விண்டோ > ஆக்‌ஷன்ஸ் அல்லது ஆல்ட் + எஃப்9 அழுத்திப் பேனலைத் திறந்து, ஃபோல்டர் ஐகானால் உங்கள் ஸ்டுடியோவுக்கென்று தனி செட் உருவாக்குங்கள். டிஃபால்ட் ஆக்‌ஷன்ஸ் செட்டுக்குள் உங்கள் வேலையைக் கலக்க வேண்டாம். பிறகு கூட்டல் குறி ஐகானை அழுத்திப் பெயர் கொடுத்து, ரெக்கார்ட். பெயர் வைக்கும் பெட்டியிலேயே எஃப்2 முதல் எஃப்12 வரை ஒரு ஃபங்ஷன் விசையை ஒதுக்கலாம். ஆனால் அந்த விசைக்கு ஏற்கனவே இருந்த வேலை போய்விடும். எஃப்5 கொடுத்துவிட்டால் பிரஷ் பேனல் அந்த விசைக்குத் திறக்காது. ஷிஃப்ட் அல்லது கன்ட்ரோலோடு சேர்த்துக் கொடுத்தால் மோதல் குறையும்.

பதிவு நடக்கும்போது அவசரப்படத் தேவையில்லை. நீங்கள் எடுக்கும் நேரம் பதிவாவதில்லை, படிகள் மட்டுமே பதிவாகின்றன. தவறாக ஒரு படி விழுந்துவிட்டால் நிறுத்தி, அந்தப் படியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிட்டு மீண்டும் ரெக்கார்ட் அழுத்தித் தொடரலாம். எண் மட்டும் தவறென்றால் அந்தப் படியை இருமுறை கிளிக் செய்து புது எண் கொடுத்தால் போதும், முழுவதையும் திரும்பப் பதிய வேண்டியதில்லை.

பாஸ்போர்ட் ஷீட்: பதிவு செய்து பழக ஏற்ற வேலை

35 × 45 மி.மீ. படம் எட்டை 6 × 4 அங்குலத் தாளில் அடுக்குவது ஸ்டுடியோவில் தினமும் நடக்கும் வேலை. 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 35 மி.மீ. என்பது 413 பிக்சல், 45 மி.மீ. என்பது 531 பிக்சல். தாள் 1800 × 1200 பிக்சல். ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளை ஓரம் சேர்த்து 450 × 600 கட்டமாக்கிவிட்டால் நான்கு வரிசையாக, இரண்டு அடுக்காக மிச்சமில்லாமல் தாள் நிறைந்துவிடும். இந்தக் கணக்குக்காகத்தான் 450, 600.

பலர் இதைப் பேட்டர்ன் ஆக்கி நிரப்புகிறார்கள். ஆக்‌ஷனில் அதைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் நிரப்பும் படி ஒரு குறிப்பிட்ட பேட்டர்னை நம்பி நிற்கும். கீழே சொல்லும் முறை படத்தை இரட்டித்து இரட்டித்து எட்டாக்குகிறது, வெளியே எதையும் நம்பவில்லை.

கிராப் செய்வதை மட்டும் கையால் செய்யுங்கள். முகம் எங்கே நிற்க வேண்டும் என்பது கண்ணால் பார்த்து எடுக்கும் முடிவு. கிராப் டூலின் ஆப்ஷன்ஸ் பாரில் அகலம், உயரம், ரெசல்யூஷன் கேட்கும் முறையைத் தேர்ந்து 35 மி.மீ., 45 மி.மீ., அங்குலத்துக்கு 300 என்று கொடுத்து, அதையே பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கிராப் முடிந்தபின் ரெக்கார்ட் அழுத்தி:

1. இமேஜ் > டூப்ளிகேட். இனி எல்லாம் நகலில்தான், மூலப் படம் அப்படியே இருக்கும்.
2. கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + என் அழுத்தி ஒரு வெற்று லேயர், உடனே லேயர் > ஃபிளாட்டன் இமேஜ் (எல்லா லேயரையும் ஒன்றாக்குவது). பேக்ரவுண்ட் லேயர் மட்டுமே உள்ள படத்தில் ஃபிளாட்டன் கட்டளை மங்கிக் கிடக்கும். வெற்று லேயர் ஒன்று இருந்தால் எந்தப் படத்திலும் அது இயங்கும்.
3. கன்ட்ரோல் + ஏ, முழுப் படமும் தேர்வாகும். பிறகு எடிட் > ஸ்ட்ரோக்: 2 பிக்சல், கறுப்பு, இன்சைட். கத்தரிக்கோலுக்கு இதுதான் வழி. கறுப்பைப் பெட்டிக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல் + டி (ஆங்கில D), தேர்வு நீங்கும்.
4. இமேஜ் > கேன்வாஸ் சைஸ்: 450 × 600 பிக்சல், நங்கூரம் (ஆங்கர் கட்டம்) நடுவில், எக்ஸ்டென்ஷன் நிறம் ஒயிட். அங்கே பேக்ரவுண்ட் என்று விட்டுவிட்டால் அன்றைக்குப் பின்னணி நிறம் சிவப்பாக இருந்தால் ஷீட்டும் சிவப்பாக வரும். ரிலேட்டிவ் கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது.
5. கன்ட்ரோல் + ஜே. ஒரு நகல் லேயர் கிடைக்கும்.
6. கேன்வாஸ் சைஸ்: 900 × 600, நங்கூரம் இடது நடுவில், ஒயிட்.
7. கன்ட்ரோல் + ஏ, பிறகு லேயர் > அலைன் லேயர்ஸ் டு செலக்‌ஷன் > ரைட் எட்ஜஸ். நகல் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல் + டி, ஃபிளாட்டன்.
8. கன்ட்ரோல் + ஜே, கேன்வாஸ் சைஸ் 1800 × 600, நங்கூரம் இடது நடுவில், மறுபடி ரைட் எட்ஜஸ், கன்ட்ரோல் + டி, ஃபிளாட்டன். இப்போது நான்கு.
9. கன்ட்ரோல் + ஜே, கேன்வாஸ் சைஸ் 1800 × 1200, நங்கூரம் மேல் நடுவில், இம்முறை பாட்டம் எட்ஜஸ், கன்ட்ரோல் + டி, ஃபிளாட்டன். எட்டு.
10. ஸ்டாப்.

மவுசால் இழுத்து நகர்த்தாமல் அலைன் கட்டளையைப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. இழுத்தால் இத்தனை பிக்சல் நகர்ந்தது என்ற எண் பதிவாகும். கை ஒரு பிக்சல் தவறியிருந்தால் அந்தத் தவறு எல்லா ஷீட்டிலும் வரும்.

பிரிண்ட் எடுக்கும்போது ஸ்கேல் டு ஃபிட் மீடியாவில் டிக் வைக்காமல் 100 சதவீதத்திலேயே எடுங்கள். பார்டர்லெஸ் முறையில் பிரிண்டர் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும், 35 மி.மீ. அப்போது 35 ஆக இருக்காது. முதல் ஷீட்டை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான படத்துக்கு: டெலிவரி ஆக்‌ஷன்

திருமணப் படங்களை வாட்ஸ்அப்புக்கும் இணையத்துக்கும் ஏற்ற அளவில் கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். பதிவுக்கு 16 பிட் (நிற நுணுக்கம் கூடுதலாக உள்ள வகை), அடோபி ஆர்ஜிபி (எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த நிற அமைப்பு), லேயர் உள்ள ஒரு கோப்பைத் தேர்ந்தெடுங்கள். மாற்ற வேண்டிய எல்லாம் அதில் இருப்பதால் எல்லாப் படியும் ஒழுங்காகப் பதிவாகும்.

வெற்று லேயர், ஃபிளாட்டன். எடிட் > கன்வெர்ட் டு புரொஃபைல் போய் எஸ்ஆர்ஜிபி. இதை விட்டால் அடோபி ஆர்ஜிபி படம் பல திரைகளில் வெளுத்துத் தெரியும், பட்டுப்புடவையும் சந்தனமும் முதலில் பலியாகும். அசைன் புரொஃபைல் என்பது வேறு கட்டளை. அது நிறத்தின் எண்களை மாற்றாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், அதனால் நிறம் வேறாகத் தெரியும், இங்கே அது கூடாது. பிறகு இமேஜ் > மோட் > 8 பிட்ஸ்/சேனல்.

அளவுக்கு இமேஜ் சைஸ் வேண்டாம். அகலம் 2048 என்று அதில் பதிந்தால் படுக்கைப் படம் 2048 × 1365 ஆக வரும், ஆனால் நிமிர்ந்த படம் 2048 × 3072 ஆகிவிடும். ஃபைல் > ஆட்டோமேட் > ஃபிட் இமேஜ் போய் இரண்டு பெட்டியிலும் 2048 கொடுங்கள். எப்படிப் பிடித்த படமானாலும் நீண்ட பக்கம் 2048இல் நிற்கும். டோன்ட் என்லார்ஜில் டிக் வையுங்கள், சின்னப் படம் வீங்காது. சிறிதாக்கியபின் மென்மை விழும். அன்ஷார்ப் மாஸ்க் 60 சதவீதம், ரேடியஸ் 0.6, திரெஷோல்டு 2 இந்த அளவுக்குப் போதும். ஷார்ப் செய்வது எப்போதும் அளவு மாற்றியபின்தான்.

லோகோவுக்கு ஃபைல் > பிளேஸ் எம்பெடட். இங்கே கோப்பின் முழு முகவரியும் பதிவாகிறது. லோகோவை டெஸ்க்டாப்பில் வைத்துப் பதிந்துவிட்டுப் பிறகு வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் ஆக்‌ஷன் அங்கே நின்றுவிடும். மாறவே மாறாத ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டுப் பதியுங்கள். பிறகு கன்ட்ரோல் + ஏ, ரைட் எட்ஜஸ், பாட்டம் எட்ஜஸ், கன்ட்ரோல் + டி. மூவ் டூலோடு ஷிஃப்ட் + இடது அம்பு நான்கு முறை, ஷிஃப்ட் + மேல் அம்பு நான்கு முறை அழுத்தினால் ஓரத்திலிருந்து 40 பிக்சல் உள்ளே வந்துவிடும். ஃபிளாட்டன்.

கடைசியாக ஃபைல் > சேவ் ஆஸ், ஜேபெக், தரம் 10. கோப்புப் பெயரைத் தொடாதீர்கள். பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தப் பெயர் ஆக்‌ஷனில் பதிந்துவிடும், நானூறு படமும் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு ஒரே ஒரு படம் மிஞ்சும். 2021 மே மாதம் வந்த 22.4 பதிப்பிலிருந்து லேயரோ 16 பிட்டோ உள்ள கோப்புக்குச் சேவ் ஆஸ் பெட்டியில் ஜேபெக் காட்டாது, சேவ் எ காப்பிக்குப் போகச் சொல்லும். மேலே ஃபிளாட்டனும் 8 பிட்டும் செய்துவிட்டதால் இந்த ஆக்‌ஷனில் அந்தச் சிக்கல் வராது. சேமித்ததும் ஸ்டாப். படத்தை மூடுவதைப் பதிய வேண்டாம், பேட்ச் தானே மூடிக்கொள்ளும்.

படுக்கைப் படத்துக்கு ஒரு லோகோ, நிமிர்ந்த படத்துக்கு வேறொரு லோகோ வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஆக்‌ஷன் பதிந்து, மூன்றாவது ஆக்‌ஷனில் பேனல் மெனுவின் இன்சர்ட் கண்டிஷனலைச் சேருங்கள். ஆவணம் லேண்ட்ஸ்கேப் என்றால் இது, இல்லையென்றால் அது என்று தேர்ந்தெடுக்கலாம். மூன்றும் ஒரே செட்டில் இருக்கட்டும்.

நடுவில் நிறுத்துவது

ஆக்‌ஷனுக்குள்ளும் குறிப்பு வைக்கலாம். பேனல் மெனுவில் இன்சர்ட் ஸ்டாப் தேர்ந்து, "முகத்தில் ஹீலிங் பிரஷ் வேலையை முடித்துவிட்டு மீண்டும் பிளே அழுத்தவும். மச்சம் பற்றி நோட்ஸ் பேனலைப் பார்க்கவும்" என்று எழுதினால் அந்த இடத்தில் ஓட்டம் நின்று செய்தி காட்டும். அலவ் கன்டினியூவில் டிக் வைத்தால் எதுவும் செய்யாமல் தொடரவும் வழி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஆக்‌ஷன் கொடுக்கும்போது இந்த நிறுத்தங்கள் மிகவும் உதவும்.

ஒரு படியில் மட்டும் எண்ணை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமென்றால், உதாரணமாக கர்வ்ஸ், அந்தப் படிக்கு இடப்பக்கம் உள்ள பெட்டி ஐகானை இயக்குங்கள். ஓடும்போது கர்வ்ஸ் பெட்டி திறந்து உங்களுக்காகக் காத்திருக்கும். அதற்கும் இடப்பக்கம் உள்ள டிக்கை எடுத்தால் அந்தப் படி தவிர்க்கப்படும். பேட்ச்சில் ஓட்டுவதற்கு முன் பெட்டி ஐகான்களை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் இரவெல்லாம் முதல் படத்திலேயே காத்துக்கிடக்கும்.

பிரஷ் இழுப்புகள் இயல்பாகப் பதிவாவதில்லை. பேனல் மெனுவில் அலவ் டூல் ரெக்கார்டிங் இயக்கினால் பதியும், ஆனால் ஒருவர் முகத்துக்குப் போட்ட பிரஷ் அடுத்தவர் முகத்தில் எங்கே விழும் என்று யோசித்தால் அதன் பயன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஜூம் போன்ற பார்வைக் கட்டளைகளும் பதிவாகாது. அவை தேவையென்றால் இன்சர்ட் மெனு ஐட்டம் வழியாகச் சேர்க்க வேண்டும்.

பேட்ச்

ஃபைல் > ஆட்டோமேட் > பேட்ச் திறந்து செட்டையும் ஆக்‌ஷனையும் தேர்ந்தெடுங்கள். சோர்ஸ்: ஃபோல்டர். உங்கள் ஆக்‌ஷனில் ஓப்பன் படி இல்லாதவரை ஓவர்ரைடு ஆக்‌ஷன் ஓப்பன் கமாண்ட்ஸில் டிக் வைக்கக் கூடாது, வைத்தால் எந்தப் படமும் திறக்காது. சப்ரெஸ் ஃபைல் ஓப்பன் ஆப்ஷன்ஸ் டயலாக்ஸ், சப்ரெஸ் கலர் புரொஃபைல் வார்னிங்ஸ் இரண்டுக்கும் டிக் வையுங்கள்.

டெஸ்டினேஷனில் ஃபோல்டர் தேர்ந்து, மூலப் படங்கள் இல்லாத வேறு ஃபோல்டரைக் கொடுங்கள். சேவ் அண்ட் குளோஸ் தேர்ந்தால் மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடும், திரும்பப் பெற முடியாது. ஓவர்ரைடு ஆக்‌ஷன் சேவ் ஆஸ் கமாண்ட்ஸில் கட்டாயம் டிக் வேண்டும். அப்போதுதான் ஜேபெக், தரம் 10 என்பதை ஆக்‌ஷனிடமிருந்தும் ஃபோல்டரையும் பெயரையும் இந்தப் பெட்டியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். டிக் இல்லாவிட்டால், பதிவு செய்த அன்று சேமித்த பழைய ஃபோல்டருக்கே எல்லாம் போகும். ஆக்‌ஷனில் சேவ் ஆஸ் படியே இல்லாமல் இந்த டிக்கை வைத்தால் ஓடி முடியும், ஆனால் ஒரு படமும் சேமிக்கப்படாது. "பேட்ச் ஓடியது, ஃபோல்டர் காலி" என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பெயருக்கு டாக்குமென்ட் நேம் + எக்ஸ்டென்ஷன் போதும். ஆல்பம் வரிசை வேண்டுமென்றால் நான்கு இலக்கத் தொடர் எண் சேர்க்கலாம். ஆனால் இரண்டு கேமராவில் எடுத்த படங்களில் ஒரே கோப்புப் பெயர் வர வாய்ப்புண்டு, அப்போது தொடர் எண் கட்டாயம். எரர்ஸ் பகுதியில் லாக் எரர்ஸ் டு ஃபைல் தேர்ந்தெடுங்கள். ஸ்டாப் ஃபார் எரர்ஸ் என்றால் மூன்றாவது படத்தில் கோளாறு வந்ததும் மீதி எல்லாம் நின்றுவிடும்.

நானூறுக்கும் விடுவதற்கு முன் ஒரு தனி ஃபோல்டரில் ஐந்து படம் வைத்து ஓட்டிப் பாருங்கள்: ஒன்று படுக்கை, ஒன்று நிமிர்ந்தது, ஒன்று லேயர் உள்ள பிஎஸ்டி, ஒன்று 16 பிட், ஒன்று 2048ஐவிடச் சிறியது. இந்த ஐந்தும் தாண்டினால் பெரும்பாலும் மற்றவையும் தாண்டும்.

அளவு குறைத்து ஜேபெக் ஆக்குவது மட்டுமே வேலை என்றால் இவ்வளவும் வேண்டாம். ஃபைல் > ஸ்கிரிப்ட்ஸ் > இமேஜ் பிராசஸர் போதும். ஃபோல்டர், ஜேபெக் தரம், ரீசைஸ் டு ஃபிட் அளவு, எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் டிக், காப்புரிமை வரி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ரன் ஆக்‌ஷனில் உங்கள் ஆக்‌ஷனையும் சேர்க்கலாம், அதில் சேவ் ஆஸ் இருக்கக் கூடாது. அடிக்கடி ஓட்டும் பேட்ச்சை ஃபைல் > ஆட்டோமேட் > கிரியேட் டிராப்லெட் வழியாக டெஸ்க்டாப் ஐகானாக்கிவிட்டால், ஃபோல்டரை அதன்மேல் இழுத்துப் போட்டாலே வேலை தொடங்கிவிடும்.

பள்ளி அடையாள அட்டை: பெயர் மாறும், வடிவம் மாறாது

அட்டைக்கு அட்டை பெயரும் படமும் மாறும் வேலைக்கு ஆக்‌ஷன் போதாது. இமேஜ் > வேரியபிள்ஸ் > டிஃபைன் போய், பெயர் லேயருக்கு டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட், படத்தின் லேயருக்குப் பிக்சல் ரீப்ளேஸ்மென்ட் கொடுங்கள். பேக்ரவுண்ட் லேயருக்கு இது இயங்காது. எக்செலில் முதல் வரியில் வேரியபிள் பெயர்கள், அடுத்த வரிகளில் மாணவர் விவரம். இந்தப் பட்டியல் காற்புள்ளியால் கட்டம் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பாகப் போகும். முகவரியில் காற்புள்ளி வந்தால் அந்தக் கட்டம் இரட்டை மேற்கோளுக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் அங்கிருந்து எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும்.

தமிழ்ப் பெயர் என்றால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கோப்பை சிஎஸ்வி யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, டேட்டா செட்ஸ் இம்போர்ட் பெட்டியிலும் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக வையுங்கள். அந்த டெக்ஸ்ட் லேயர் யூனிகோட் எழுத்துருவில் இருக்க வேண்டும்: லதா, நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வடிவமைத்த அட்டைக்குள் யூனிகோட் பெயர் போனால் கட்டம் கட்டமாக வரும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் "கெ", "கொ" உடைந்து தெரிந்தால் பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டை அந்த லேயருக்கு இயக்குங்கள். உங்கள் பதிப்பில் பிரிஃபரன்சஸ் > டைப் பகுதியிலும் அது இருந்தால், அங்கும் தேர்ந்துவிட்டால் இனி எழுதுவதற்கும் பொருந்தும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்.

ஃபைல் > எக்ஸ்போர்ட் > டேட்டா செட்ஸ் ஆஸ் ஃபைல்ஸ் எல்லா அட்டையையும் பிஎஸ்டியாகத் தரும். அவற்றை ஜேபெக் ஆக்க மறுபடி இமேஜ் பிராசஸர்.

ஓடாமல் நின்றால்

குறிப்பிட்ட லேயர் இப்போது இல்லை என்ற செய்திதான் அதிகம் வரும். பதியும்போது லேயர் பேனலில் கிளிக் செய்தீர்கள், "லேயர் 1 காப்பி" என்ற பெயர் பதிந்துவிட்டது, இந்தப் படத்தில் அப்படியொரு லேயர் இல்லை. அந்தப் படியை நீக்கிவிட்டு விசைகளால் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள்: ஆல்ட் + முற்றுப்புள்ளி மேல் லேயருக்கு, ஆல்ட் + காற்புள்ளி அடி லேயருக்கு, ஆல்ட் + சதுர அடைப்புக்குறிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்க.

செலக்‌ஷன் வேறு இடத்தில் விழுந்தால் ரூலர் அலகைப் பாருங்கள். பிக்சலில் பதிந்த மார்க்கீ (இழுத்துப் போடும் தேர்வுக் கட்டம்) பெரிய படத்தில் மூலையில் ஒதுங்கிவிடும். ரூலரைப் பர்சென்ட்டுக்கு மாற்றிவிட்டுப் பதிந்தால் எந்த அளவுப் படத்திலும் அதே விகிதத்தில் விழும்.

எந்தப் படியில் கெடுகிறது என்றே தெரியாவிட்டால் பேனல் மெனுவின் பிளேபேக் ஆப்ஷன்ஸில் ஸ்டெப் பை ஸ்டெப் தேர்ந்து ஓட்டுங்கள். ஒரே ஒரு படியை மட்டும் ஓட்டிப் பார்க்க, அதைத் தேர்ந்து கன்ட்ரோலை அழுத்தியபடி பிளே. படிகள் நிறைய உள்ள ஆக்‌ஷனில் ஹிஸ்டரி பேனல் நிரம்பிப் பின்னால் போக முடியாமல் ஆகும். மூலப் படத்திலேயே ஓடும் ஆக்‌ஷன் என்றால் முதல் படியாக ஹிஸ்டரியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பதைப் பதிந்துவிடுங்கள்.

புதிதாகப் பதிந்த ஆக்‌ஷன், ஃபோட்டோஷாப்பை ஒழுங்காக மூடும்போதுதான் வட்டில் எழுதப்படுகிறது. அதற்குள் கரண்ட் போனாலோ புரோகிராம் முடங்கினாலோ உழைப்பு போச்சு. பதிந்தவுடன் செட்டைத் தேர்ந்து, பேனல் மெனுவில் சேவ் ஆக்‌ஷன்ஸ் கொடுத்து ஏடிஎன் கோப்பாகச் சேமித்து, லோகோ கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்து இரண்டையும் வேறொரு டிஸ்க்குக்கும் நகலெடுங்கள். சேவ் ஆக்‌ஷன்ஸ் மங்கியிருந்தால் நீங்கள் செட்டைத் தேர்ந்தெடுக்காமல் உள்ளிருக்கும் ஒரு ஆக்‌ஷனைத் தேர்ந்திருக்கிறீர்கள். கன்ட்ரோல் + ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு சேவ் ஆக்‌ஷன்ஸ் கொடுத்தால் எல்லாப் படியும் எண்களோடு ஒரு டெக்ஸ்ட் கோப்பாக வரும். அதைத் திரும்ப ஏற்ற முடியாது, ஆனால் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டால் ஆறு மாதம் கழித்து 0.6 ரேடியஸை மாற்றியது யார் என்ற கேள்விக்குப் பழைய தாளையும் புதிய தாளையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.